இறுதிப் போட்டியன்று சாமத்திய வீடு

மல்லாவி,
12.05.2024

அன்புள்ள சித்திக்கு,

நான் நல்ல சுகம். நீங்களும் சித்தப்பாவும் ஆரணியும் சுகமாக இருக்கப் பிள்ளையாரைக் கும்பிடுகிறேன். வாட்ஸ்அப்பில் எழுதினால் அம்மாதான் முதலில் வாசிப்பா. அதனால்தான் கடிதம். பதிலைப் பள்ளிக்கூட விலாசத்துக்குப் போடுங்கோ.

எங்கள் உதைபந்தாட்ட அணி மாகாண இறுதிப் போட்டிக்கு வந்துவிட்டது. கோலுக்குள் நிற்பது நான்! ஜூலை ஏழு, ஞாயிறு, கிளிநொச்சியில். ஆனால் நீங்கள் என் சாமத்திய வீட்டுக்குக் குறித்ததும் அதே ஞாயிறுதான். நான் பெரியபிள்ளையாகி இரண்டு வருடம் சித்தி. நீங்கள் வரும்வரை ஆறப்போட்ட சடங்கு இன்னும் ஒரு நாள் பொறுக்காதா? ஒரு கிழமை முந்தி வைத்தாலும் சரி.

அம்மாவிடம் கேட்டேன். "பந்துக்குப் பின்னாலை ஓடுறவளை ஆர் கட்டுவினம்?" என்று பேசிவிட்டு, கடைசியில் "சித்தி சொன்னா மாத்துவம்" என்றா. அடுத்த வருடம் எனக்கு வயது கூடிவிடும், இந்த அணியில் சேர்க்கமாட்டார்கள். ஒரு சொல் சொல்லுங்கோ சித்தி.

உங்கள் பெறாமகள்,
யது

ரொறன்ரோ,
03.06.2024

என் செல்லம் யதுவுக்கு,

உன் கடிதம் கண்டு சந்தோசப்பட்டேன். என்ன வடிவான கையெழுத்து! நீ கெட்டிக்காரி என்று எனக்குத் தெரியாதா?

ஆனால் குஞ்சு, மண்டபம் அந்த ஒரு நாள்தான் கிடைத்தது. மறுநாள் நாங்கள் திருகோணமலைக்குப் போகிறோம், ஹோட்டல் பதிவு செய்தாயிற்று. பிறகு ஆடி பிறந்துவிடும். முந்தி வரலாமென்றால் இங்கே தட்ட முடியாத அலுவல் ஒன்று இருக்கிறது. பந்து எந்த நாளும் உருளும். சாமத்திய வீடு வாழ்க்கையில் ஒருதரம்தானே? ட்ரோன் கமராவும் வருகிறது.

இனி வெயிலில் நிற்காதே. கறுத்த முகம் அல்பத்தில் எடுபடாது.

அன்பு முத்தங்களுடன்,
சித்தி

மல்லாவி,
21.07.2024

சித்திக்கு,

நீங்கள் சுகமாகப் போய்ச் சேர்ந்ததாக அம்மா சொன்னா. அல்பம் வந்துவிட்டது. பொம்மை மாதிரி இருக்கிறேனாம்.

அன்று கோலுக்குள் சிவரூபியை நிறுத்தினார்கள். அவள் முன்வரிசையில் ஓடி விளையாடுகிறவள், பந்தைக் கையால் பிடித்துப் பழக்கமில்லை. தோற்றுவிட்டோம். பின்னேரம் பிள்ளைகள் புழுதி படிந்த ஜேர்சியோடு மண்டபத்துக்கு வந்தார்கள். "தங்கச்சிமார், படத்துக்குள்ளை வராதேங்கோ" என்று வீடியோக்காரன் ஒதுக்கிவிட்டான். "பரவாயில்லையடி" என்றாள் சிவரூபி. அவள் நாலு ஏச்சு ஏசியிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

உங்கள் மகள் ஆரணிதான் எனக்குத் தோழியாக நின்றாள். நான் அழுததைக் கண்டு காரணம் கேட்டாள். சொன்னேன். "ஐயோ, எனக்கும் போன கிழமை சொக்கர் ஃபைனல். அது முடியாமல் அம்மா பிளேன் ரிக்கெட் போடமாட்டன் எண்டிட்டா. அண்டைக்குக் கத்தினதிலைதான் அம்மான்ரை தொண்டை அடைச்சது" என்றாள். உங்கள் ஊரில் உதைபந்தாட்டத்துக்குச் சொக்கர் என்றுதான் பெயராம்.

உங்கள் குரல் அடைத்திருந்தது பயணக் களைப்பால் என்று நினைத்து, அன்று காலை நான்தான் கொத்தமல்லி அவித்துத் தந்தேன்.

பெண்பிள்ளைகள் விளையாடுவது உங்களுக்குப் பிடிக்காது என்றால் இவ்வளவு நொந்திருக்காது. ஆரணி இரண்டு கோல் அடித்தாளாம். அவளுக்கு என் வாழ்த்தைச் சொல்லுங்கோ. எனக்கு இனிக் கடிதம் போடவேண்டாம்.

யதுர்ஷிகா