அப்பாவைக் கம்பளிக்குள் வைத்துத் தைத்தது

கொட்டாஞ்சேனை,
கொழும்பு 13.
12.12.1997

அன்புள்ள மகன் அழகுமுத்துவுக்கு,

அம்மா எழுதுவது. ஜிந்துப்பிட்டி முருகன் துணையில் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், அங்கே நீயும் இருமல் சளி இல்லாமல் இருக்க வேண்டும். அப்பாவின் நெஞ்சில் மட்டும் ஒரு கத்தரிக்கோல் கீறல், பயப்படாதே, காய்ந்துவிட்டது, அது எப்படி வந்ததென்று சொல்லத்தான் இந்தக் கடிதம்.

உன் கடிதம் கிடைத்தது. விடியற்காலையில் ஏழு கிலோமீற்றர் சைக்கிள் மிதித்து பேக்கரி வேலைக்குப் போவதாகவும், பொத்தான் சந்துகளில் காற்று நுழைந்து நெஞ்சைப் பிடிப்பதாகவும், விரல் மரத்து பிரேக் பிடிக்க முடியவில்லை என்றும், இனித் தாங்காது, தை பிறந்ததும் திரும்பி வந்துவிடப் போகிறேன் என்றும் எழுதியிருந்தாய். அப்பா அதைப் படித்துவிட்டு நேரே போய் உன் கட்டிலைத் தூசி தட்டிப் போட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. குளிரைப் பற்றி எனக்கா சொல்கிறாய், கல்யாணம் கட்டி இங்கே வரும்வரை நுவரெலியா மலையில் தலையில் கம்பளியும் இடுப்பில் சாக்குமாகக் கொழுந்து பறித்தவள் நான், டென்மார்க் குளிருக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது? உடுத்தத் தெரியாமல்தான் நடுங்குகிறாய் என்று நானே ஒரு கம்பளி வாங்கி, கீழே தையல் கடை வைத்திருக்கும் ஹாஷிம் நானாவிடம் கொடுத்துச் சட்டை மாதிரி வெட்டி எடுத்தேன். உள்ளே இறுக்கமாக ஒரு பெனியன், அதன்மேல் முன்னும் பின்னும் பேப்பர், காற்றை அதுதான் மறிக்கும், அதன்மேல் இன்னொரு பெனியன், பிறகு கம்பளி. காலில் சொக்ஸ் போட்டு அதன்மேல் ஷொப்பிங் பேக், பிறகு சப்பாத்து. கைக்கும் சொக்ஸ். பொத்தான் இருந்தால்தானே சந்து, சந்து இருந்தால்தானே காற்று? ஆகவே பொத்தானே வைக்கவில்லை.

அனுப்புவதற்கு முன் சோதித்துப் பார்க்க வேண்டுமல்லவா, முகத்துவாரம் ஐஸ் பெக்டரியில் வேலை செய்யும் என் தம்பி சுடலைமுத்து, ஐஸ் அறைக்குள்ளேயே மச்சானை அரை மணித்தியாலம் சைக்கிள் ஓட விடுகிறேன் என்றான். போன செவ்வாய்க்கிழமை அப்பாவுக்குத் துறைமுகத்தில் லீவு. காலை பத்து மணிக்கு எல்லாவற்றையும் அவருக்கு உடுத்தி, கழுத்திலிருந்து வயிறு வரைக்கும் சாக்கு ஊசியால் இரட்டை நூல் போட்டுத் தைத்துவிட்டேன். சைக்கிளில் ஏறினார், போனார். எந்த ஊரில் எந்தக் காலத்தில் இருக்கிறோம் என்பது இரண்டு பேருக்கும் ஞாபகம் வரவில்லை பார், அதுதான் எங்கள் புத்தி.

கால் மணித்தியாலம் போகவில்லை, ஹாஷிம் நானா மூச்சிரைக்க ஓடி வந்து, “தங்கச்சி, ஒங்கட மாப்புளய சந்தியில ஆமிக்காரன் நிப்பாட்டி வெச்சீக்கி, கத்திரிக்கோல எடுத்துக்கிட்டு ஓடியாங்க” என்றார். போய்ப் பார்த்தால் கடையெல்லாம் பூட்டியாயிற்று, நடு ரோட்டில் அப்பா ஒருவர்தான், சொக்ஸ் போட்ட கை இரண்டையும் தூக்கிக்கொண்டு, வயிறு புடைத்து நிற்கிறார். வயிற்றில் குண்டு கட்டியிருக்கிறார் என்று ஆமிக்காரர் எல்லாரும் மணல் மூட்டைக்குப் பின்னால் துவக்கை நீட்டிக்கொண்டிருக்கிறார்கள். கழற்று என்றால், கழற்ற முடியாது, மனைவி தைத்துவிட்டாள் என்று இந்த மனிதர் சிங்களத்தில் சொல்லியிருக்கிறார், யார் நம்புவார்கள்? தைத்தவளே வந்து அவிழ்க்கட்டும் என்று என்னைத் தனியாக அனுப்பினார்கள். நான் ஒவ்வொரு தையலாக வெட்ட வெட்ட, ஆமிக்காரரில் பெரியவர் மூட்டைக்குப் பின்னாலிருந்து, மெதுவாக, மெதுவாக என்று, “ஹெமின் அம்மே, ஹெமின்” என்று கத்துகிறார். அப்பா வாயசைக்காமல், “அடியே, இத்தன வருசத்துல இன்னைக்குத்தானா ஒனக்கு இவ்வளவு நெருக்கமா தைக்க வந்துச்சு” என்றார். சிரிப்பும் வந்தது அழுகையும் வந்தது. மண்டையைப் பிளக்கும் வெயில், வேர்வை ஊற்றுகிறது, ஆனால் கம்பளிக்குள்ளே அவர் உடம்பு கிடுகிடுவென்று நடுங்கிக்கொண்டிருந்தது மகனே. அந்த நடுக்கத்தில் கத்தரிக்கோல் பட்டதுதான் அந்தக் கீறல்.

உள்ளேயிருந்து பேப்பர் வந்ததும் அடுத்த வில்லங்கம். அது மணமகன் தேவை பக்கம், உனக்காக நான் சிவப்பு மையில் வட்டம் போட்டு வைத்திருந்தது. இந்த நம்பரெல்லாம் யாருடையது என்று கேட்டார் பெரியவர். நடு ரோட்டில் நின்று, ஆசிரியை, இருபத்தாறு வயது, பொது நிறம், நன்றாகச் சமைப்பார் என்று இலங்கை ஆமிக்கு ஒவ்வொரு பெண்ணாகச் சிங்களத்தில் சொன்னேன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள், ஒருவர் அப்பாவுக்குத் தண்ணீர் கூடக் கொடுத்தார். நானும் சிரித்தேன். ஆனால் என் கண் அந்தச் சந்தியிலேயே நின்றது. மூன்று வருடத்துக்கு முன் ஆமிக்காரர் உன்னைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போனதும் அங்கேதான், பதினொரு நாள் கழித்து நீ வந்து ஒரு மாதம் வாய் திறக்கவில்லை. பெரியவர் கொப்பியை எடுத்து, மகன் எங்கே என்றார், வெளிநாட்டில் என்றேன். எப்போது வருவான் என்றார். வரமாட்டான் மாத்தயா என்றேன். யோசிக்காமல்தான் சொன்னேன். அப்பா திரும்பி என் முகத்தைப் பார்த்தார். பெரியவர் அதை எழுதிக்கொண்டார்.

கம்பளியைப் பார்சலில் அனுப்புகிறேன். ஹாஷிம் நானா முன்பக்கம் சிப் வைத்து, காற்று வராமல் உள்ளே ஒரு துணிப்பட்டையும் தைத்துத் தந்திருக்கிறார், காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். பேப்பரைத் தினமும் மாற்று, வேர்வையில் நனைந்தால் அதுவே குளிரும். காதை மூடு. நீ எத்தனை சட்டை போட்டாலும் அந்த ஊரில் ஒருவரும் கழற்றிக் காட்டு என்று கேட்கமாட்டார்கள், அதை நினைத்துக்கொண்டு மிதி. உன்னைப் பார்க்காமல் எனக்கு ஒரு வாய்ச் சோறு இறங்குவதில்லை, ஆனாலும் வராதே. நேற்று அப்பா தானாகவே உன் கட்டிலை நிமிர்த்திச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டார்.

முருகன் உன் நெஞ்சில் சூடு குறையாமல் வைத்திருக்கட்டும். வரமாட்டான் என்று கொப்பியில் எழுதியாகிவிட்டது, மறந்துவிடாதே, ஆமிக்காரரிடம் அம்மாவைப் பொய்க்காரியாக்கிவிடாதே.

என்றும் உன் நினைவாகவே இருக்கும் அம்மா,
கா. சீனியம்மா