புறாவைக் காப்பாற்றிய ஒரு தட்டு

மாரிகுப்பம்
1904 பிப்ரவரி

அன்பு மகள் டெய்சிக்கு அம்மா எழுதிக்கொண்டது. ஆண்டவர் கிருபையால் இங்கே நான், உன் அப்பா, தங்கை ஐடா, புதிதாக வந்து சேர்ந்த ஒரு புறா, எல்லோரும் சுகம். ரங்கூனில் நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றில் இருக்கிற குட்டியும் சுகமாயிருக்க வேண்டுமென்று ஜெபிக்கிறோம். உன் கடிதம் வந்தது, பாதி எழுத்து கண்ணீரில் கரைந்திருந்தது, ஐடாதான் ஊகித்துப் படித்துக் காட்டினாள். அப்பாவுக்குப் பக்கவாதம் என்று தந்தியில் பார்த்துவிட்டு, மாசமாயிருக்கிற உடம்போடு கப்பல் ஏறி வரப்போவதாக எழுதியிருக்கிறாய். ஏறாதே. முதலில் உட்கார்ந்து இதை முழுதாகப் படி. அப்பாவுக்கு என்னை அடையாளம் தெரியுமா, நான் பேசினால் புரியுமா என்று கேட்டிருந்தாயே, அதற்குப் பதில் அந்தப் புறாவிடம்தான் இருக்கிறது.

உன் அப்பாவின் வேலை உனக்குத் தெரியாததா. தங்கச் சுரங்கத்தில், பூமிக்குள்ளே ஆளை ஏற்றி இறக்குகிற கேஜ் கூண்டு வந்து நிற்கிற இடத்தில் நின்று, கம்பியை இழுத்து, மேலே இருக்கிற எஞ்சின்காரருக்கு மணியில் தட்டுச் சொல்லுவார். ஒரு தட்டு என்றால் நிறுத்து, இரண்டு என்றால் இறக்கு, மூன்று என்றால் ஆள் ஏறியாச்சு, மெதுவாக மேலே தூக்கு. நீ சின்னவளாக இருந்தபோது பள்ளிக்கூடம் விட்டு வந்து கதவில் மூன்று தட்டுவாய், உள்ளேயிருந்து அவர் "ஆளு மேல வருது" என்று கத்துவார். அவர் விழுந்த அன்றைக்குக் காலை ஷிஃப்டில் அந்தக் கம்பியைப் பிடித்த கை நழுவி, வாய் ஒரு பக்கம் கோணி, ஏதோ குழறிக்கொண்டே சாய்ந்திருக்கிறார். கூட இருந்தவர்கள் வெடிமருந்துப் புகை தலைக்கேறிவிட்டது என்று முடிவு கட்டிவிட்டார்கள். சுரங்கத்தில் யார் தலைசுற்றி விழுந்தாலும் இவர்களுக்குப் புகைதான். மேலே கொண்டுவந்து மரத்தடியில் கிடத்தி, "பொக புட்ச்சிகீது, காத்துல கொஞ்ச நேரம் கெடந்தா செரியாப் பூடும்" என்று சொல்லி, வாயில் மோரை ஊற்றியிருக்கிறார்கள். புகையாக இருந்தால் இரண்டு கையும் துவளாதா, ஒரு பக்கம் மட்டும் ஏன் விழுந்தது என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. மோர் புரையேறி மூச்சுத் திணறின பிறகுதான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள்.

டாக்டர் ஐயா பொறுமைசாலி, நான் கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னார், கேட்காமல் விடுகிறவளா நான். மூளைக்கு ரத்தம் கொண்டுபோகிற குழாய் அடைத்துக்கொண்டாலும் வெடித்தாலும் இப்படி ஆகுமாம். மூளையில் இடது பக்கம் கெட்டால் உடம்பில் வலது பக்கம் விழுமாம், பேச்சும் போகுமாம். பேயும் இல்லை, சூனியமும் இல்லை. அதற்குக் கொஞ்ச நாள் முன்னால் சாப்பிடும்போது அவர் கையிலிருந்து களி உருண்டை நழுவி விழுந்தது, நாக்கும் தடித்தது, உடனே சரியாகிவிட்டது, களி சரியாகக் கிண்டவில்லை என்று என்னையே கேலி செய்தார். அதுதான் முன்னறிவிப்பாம், அப்போதே வந்திருக்க வேண்டுமாம். நீயும் மாப்பிள்ளையும் இதை மனசில் வையுங்கள்.

வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அவர் வாயில் "இன்னா" என்கிற ஒரே வார்த்தைதான் மிச்சம். தண்ணீர் வேண்டுமா என்றாலும் இன்னா, வேண்டாமா என்றாலும் இன்னா. எல்லோரும் அவருக்குப் புத்தியே போய்விட்டது என்று நினைத்து, அவர் தலைமாட்டில் உட்கார்ந்தே வாய்க்கு வந்ததைப் பேசினார்கள். பக்கத்து வீட்டுக் கிருஷ்ணம்மா, இனிமேல் இந்த ஐடாவை எவன் கட்டுவான் என்று அவர் காதுபடவே அங்கலாய்த்தாள். அதோடு விட்டாளா, "இன்னா யக்கா இப்டி குந்திகினு கீற, புறா ரத்தத்த சூடா தடவி உட்டா கையி காலு தன்னால எயுந்துக்கும்" என்றாள். பயத்தில் நானும் சரி என்றேன், பாதிரியார் காதுக்குப் போகாமல் பார்த்துக்கொள் என்று மட்டும் சொன்னேன். புறாவும் கத்தியுமாக வந்து நின்று அதன் கழுத்தைத் திருப்பினாள். கட்டில் சட்டத்தில் டக்கென்று ஒரு சத்தம். திரும்பிப் பார்த்தால் உன் அப்பா இடது கையை மடக்கி வைத்துக்கொண்டு அவளை முறைக்கிறார். கிருஷ்ணம்மா மறுபடி கத்தியை எடுத்தாள், மறுபடி டக். ஐடாதான், "யம்மா, அப்பா நிறுத்தச் சொல்றாரு" என்று கூவினாள். எனக்கு நம்பிக்கை வரவில்லை, கிட்டே போய், உங்களைத் தூக்கி உட்கார வைக்கட்டுமா என்று கேட்டேன். டக் டக் டக் என்று தட்டினார். டெய்சி, நீ கல்யாணமாகிக் கப்பல் ஏறின அன்றுகூட நான் அப்படி அழவில்லை. உன் அப்பா எங்கேயும் போகவில்லை, எல்லாம் கேட்கிறது, எல்லாம் புரிகிறது, வார்த்தைதான் வெளியே வர வழியில்லாமல் நிற்கிறது. கிருஷ்ணம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும், கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு ஓடியவள், புறாவை இங்கேயே விட்டுவிட்டாள். அது இப்போது அவர் கால்மாட்டிலேயே குடித்தனம் நடத்துகிறது.

அதிலிருந்து எங்கள் வீடே கேஜ் ஏறி இறங்குகிற சாஃப்டுக் குழி ஆகிவிட்டது. மூன்று தட்டினால் தூக்குகிறோம், இரண்டு தட்டினால் படுக்க வைக்கிறோம், நான் அதிகம் பேசினால் ஒரு தட்டு. படுத்தே கிடந்தால் மூட்டு இறுகிவிடும் என்று டாக்டர் சொன்னதால் ஐடா ஒவ்வொரு விரலாக மடக்கி நீட்டுகிறாள், நான் சுவரோரம் நடத்திக்கொண்டு போகிறேன். நிமிர்த்தி உட்கார வைத்துத்தான் கூழ் கொடுக்கிறோம், கெட்டியாக, கொஞ்சம் கொஞ்சமாக, ஒரு வாய் இறங்கின பிறகுதான் அடுத்த வாய். சில வேளை காரணமில்லாமல் அழுகிறார், அதுவும் வியாதியின் குணம்தானாம், அதனால் நாங்கள் கோபிப்பதில்லை. கருவாடும் புகையிலையும் நிறுத்தியாச்சு, அதற்காக அவர் தட்டுகிற தட்டில் கட்டில் சட்டம் தேய்கிறது. போன ஞாயிற்றுக்கிழமை கோவிலுக்குக் கூட்டிப் போனோம். பேச வராத மனுஷர் பாட்டை மட்டும் வார்த்தை விடாமல் பாடினார், ஸ்வரம் வழக்கம்போல எங்கேயோ போயிற்று, பாதிரியாரே பாட்டை நிறுத்திவிட்டுச் சிரித்தார். வலது கை மட்டும் இன்னும் தூங்குகிறது. ஒரு விரல் அசைந்தால் போதும், மற்றதெல்லாம் பின்னாலேயே வரும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார், அதற்குத்தான் காத்திருக்கிறோம்.

மாப்பிள்ளை உப்புக் கண்டத்தையும் சாராயத்தையும் குறைக்கட்டும், நான் சொன்னேன் என்று சொல். அங்கே யாருக்காவது வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், பேச்சுக் குழறினால், புகை என்றும் காற்று என்றும் சொல்லிக்கொண்டு நிற்காதீர்கள். வாயில் எதையும் ஊற்றாமல், ஒருக்களித்துப் படுக்க வைத்து, உடனே டாக்டரிடம் கொண்டு போங்கள். நீ நேரத்துக்குச் சாப்பிடு, கால் வீங்கினால் டாக்டரம்மாவிடம் காட்டு. நல்ல சுகப் பிரசவமாகி, பிள்ளையும் நீயுமாக வந்து எங்கள் முன்னே நிற்க ஆண்டவர் உன்னை ஆசீர்வதிப்பாராக.

இதோடு முடிக்கலாம் என்று, அப்பாவிடம் டெய்சியை இப்போதே வரச் சொல்லவா என்று கேட்டேன். இடது கையால் ஒரு தட்டு. அப்படியானால் அவளுக்கு என்னதான் எழுத என்று கேட்டேன். இந்தக் காகிதத்தைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு இடது கையால் வலது கையைத் தூக்கி அதன் மேல் வைத்தார், நான் மை காயவில்லை என்று கத்தினேன், அவர் கேட்கவில்லை. அந்தத் தூங்கின கையின் ஆள்காட்டி விரல் எழும்பித் தட்டியது. மறுபடி தட்டியது. மூன்றாவதற்கு ரொம்பக் கஷ்டப்பட்டார், ஆனாலும் தட்டிவிட்டார். ஐடா புறாவைத் தூக்கிக்கொண்டு குதிக்கிறாள். கீழே மை கலைந்திருக்கிற இடத்தைத் துடைக்காமல் அப்படியே அனுப்புகிறேன், அது அவர் எழுதினது: ஆளு மேல வருது.

இப்படிக்கு,
உன் அம்மா ஏசுவடியாள்
உன் அப்பா ஏசுபாதம், தட்டு மூன்று