மூன்றாவது அணியில் உங்கள் முகம்

பள்ளி திறக்கும் வாரம். மகளுக்குச் சீருடை வாங்கச் சரவணம்பட்டியில் ஒரு கடைக்குப் போயிருந்தேன். உள்ளே யாரோ புதுக் காக்கித் துணியின்மேல் தண்ணீர் தெளித்து இஸ்திரிப் பெட்டியை வைத்தார்கள். கஞ்சியும் ஆவியும் கலந்த வாசனை கிளம்பியது. கடைக்காரர் இடுப்பளவு கேட்டார். அவர் இரண்டாம் தடவை கேட்டபோதுதான் சொன்னேன். உங்கள் தையல் கடையில் எப்போதும் இருந்த வாசனை அது. இத்தனை நாளாக எழுதாமல் விட்டதை எழுதிவிடலாம் என்று அன்றைக்குத்தான் தோன்றியது.

நமக்குள் பழக்கம் ஏற்பட்ட விதத்தை இப்போதும் யாரிடம் சொன்னாலும் நம்புவதில்லை. நான் மென்பொருள் சோதிக்கும் வேலையில் இருப்பவள். இரண்டாம் உலகப் போரை வைத்து வந்த ஒரு கணினி விளையாட்டு எனக்குப் பிடித்துப்போயிருந்தது. துப்பாக்கியைத் தூக்கிக்கொண்டு ஓடும் ரகமல்ல அது. எந்தக் குழு எந்தச் சரிவில் ஏற வேண்டும், யார் புகைக்குண்டு போட வேண்டும் என்று யோசித்து ஆணை கொடுத்துவிட்டு, அடுத்த ஒரு நிமிடத்தில் என்ன நடக்கிறதென்று கையைக் கட்டிக்கொண்டு பார்க்க வேண்டும். அதில் இந்தியச் சிப்பாய்கள் இல்லை. இத்தாலியில் ஆற்றுக்கு ஆறு பாலம் போட்டவர்களில் நம் பக்கத்து ஆட்களும் உண்டு என்று படித்திருந்ததால், நானே அவர்களை உருவாக்கி அந்த விளையாட்டின் இணைய மன்றத்தில் ஏற்றினேன். இப்படி ரசிகர்கள் செய்து சேர்ப்பதை மோட் என்பார்கள்.

மறுநாள் ஒரு பதில் வந்திருந்தது. 'ஐயா, உங்கள் சிப்பாய்கள் அத்தனை பேரும் பெண்கள் சட்டை போட்டிருக்கிறார்கள்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தீர்கள். சட்டையின் படத்தை நான் இடவலமாகத் திருப்பிப் போட்டுவிட்டிருக்கிறேன். பொத்தான் வரிசை பெண்கள் சட்டையில் இருப்பதுபோல இடப்பக்கம் போய்விட்டது. உலகத்தில் வேறு யாரும் அதைக் கவனிக்கவில்லை. நீங்கள் யாரோ அருங்காட்சியகத்து ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு இரண்டு வருடம் மின்னஞ்சலில் ஒருவரோடு ஒருவர் போரிட்டோம். நான் என் முறையை, அதாவது ஒரு டர்னை, ஆடி ஃபைலை அனுப்புவேன். ஓரிரண்டு நாளில் உங்களுடையது வரும். அதிகம் பேசிக்கொண்டதில்லை. ஒரு நாள், 'நாளை மன்த்லி ஷட்டவுன், ஒன்பதிலிருந்து நாலு வரை கரண்டு இருக்காது, டர்ன் தாமதமாகும்' என்று எழுதினீர்கள். மன்த்லி ஷட்டவுன் என்று எழுதுகிறவர் லண்டனில் இருக்க முடியாது. 'ஏனுங்க, நீங்க எந்த சப்ஸ்டேஷனுங்க?' என்று தமிழில் கேட்டேன். உக்கடம் பக்கம் என்று பதில் வந்தது. என் வீட்டிலிருந்து ஒரு டவுன் பஸ் தூரம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை உங்கள் கடையைத் தேடி வந்தேன். போலீஸ்காரர்களுக்கும் காவலாளிகளுக்கும் பள்ளிகளுக்கும் சீருடை தைக்கிற கடை. பேட்ஜுக்கு எம்ப்ராய்டரி போட வாங்கிய கம்ப்யூட்டரில்தான் நீங்கள் படம் வரையப் பழகியிருந்தீர்கள். என்னைவிட ஏழெட்டு வயது மூத்தவர். கழுத்தில் அளவு நாடா. நான் யாரென்று சொன்னதும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டீர்கள்.

"அட, சாருன்னு நெனச்சில்ல எழுதிட்டிருந்தேன்! அப்ப ரெண்டு வருசமா ஒரு அம்மணிகிட்டயா தோத்துட்டு இருந்திருக்கறேன்?"

"நாலு தடவை ஜெயிச்சிருக்கீங்க பாய்."

"அது நீங்க வுட்டுக்குடுத்ததுங்க, எனக்குத் தெரியாதா?"

விட்டுக்கொடுக்கவில்லை. அன்றைக்கு அதைச் சொல்லாமல் டீயைக் குடித்துவிட்டு வந்தேன். இப்போது சொல்லிக்கொள்கிறேன்.

அதன்பின் மோட் நம் இருவருடையதாயிற்று. கால்சட்டையின் மடிப்பு, கம்பளிச் சட்டை நனைந்தால் எப்படிக் கறுக்கும் என்பதெல்லாம் உங்கள் பொறுப்பு. ஆயுதங்களும் நிலப்படமும் என்னுடையவை. ஆற்றங்கரைச் சண்டை ஒன்றைத் தயாரித்தோம். எதிர்க்கரையில் இயந்திரத் துப்பாக்கிகள். இக்கரையில் பாலத்துண்டுகளைச் சுமந்துகொண்டு நம் ஆட்கள். சோதித்துப் பார்க்கும்போது எனக்குப் பிடித்த குழு அழிந்தால் முன்பே சேமித்துவைத்த ஃபைலைத் திறந்து மறுபடி ஆடுவேன். ஒரு தடவை பக்கத்திலிருந்து பார்த்துவிட்டீர்கள்.

"தெச்சது தப்பாயிருந்தாப் பிரிச்சுத் தெக்கலாமுங்க அம்மணி. செத்தவனைப் பிரிச்சுத் தெக்க முடியுமுங்களா?"

அத்தோடு அந்தப் பழக்கத்தை விட்டேன்.

உங்களுக்கு இருந்த பெரிய குறை முகங்களைப் பற்றியது. நான் செய்த மோட்டில் இந்தியச் சிப்பாய்க்கென்று ஒரே ஒரு முகம்தான் இருந்தது. எங்கேயோ எடுத்தது. கேமராவைக் கீழே இறக்கிப் பார்த்தால் கரை முழுக்க அதே ஆள். "ஒரே அளவுல தொண்ணூறு பேருக்குச் சட்டை தெச்சா யாராச்சும் போடுவாங்களா? மொகத்தை மட்டும் எப்படிப் போடறதுங்க?" என்றீர்கள். இருபது முகம் வேண்டுமென்று தீர்மானித்து, கடை வாசலில் காலை வெளிச்சத்தில் ஸ்டூலைப் போட்டு வந்தவர்களையெல்லாம் உட்காரவைத்தீர்கள். யாரையும் கேட்காமல் எடுக்கவில்லை. என்ன விளையாட்டு, யாருடைய போர், அந்த முகத்துக்கு என்னவெல்லாம் நேரலாம் என்று ஒவ்வொருவருக்கும் முழுக்கச் சொன்னீர்கள். அளவு கொடுக்க வந்த சிங்காநல்லூர் மில் காவலாளி சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். எதிரே இருந்த கறிக்கடைக்காரர்தான் சுலபத்தில் ஒத்துக்கொள்ளவில்லை.

"எந்தப் பக்கம் நிக்கோணுமுங்க? நம்ம பக்கமா?"

"வெள்ளைக்காரன் பக்கமுங்க."

"அது எப்படிங்க நம்ம பக்கமாகும்?"

"சண்டை நம்முளுது இல்லீங்க. போனவங்க நம்ம ஆளுங்க."

"அப்பச் சரி. மீசை நல்லாத் தெரியறாப்பல எடுங்க."

ஈரோட்டில் ஜவுளிக் கடை வைத்திருக்கும் என் தம்பி ஒரு கல்யாணத்துக்காக வந்தபோது அவனையும் கூட்டிவந்தேன். பத்தொன்பது ஆயிற்று. இன்னொரு ஆளுக்காகத் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் வரவில்லை. அளவு நாடாவைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு நீங்களே ஸ்டூலில் உட்கார்ந்தீர்கள். அந்தப் படத்தை எடுத்தவள் நான்.

எந்தச் சிப்பாய்க்கு எந்த முகம் என்பதை அந்த விளையாட்டு தானாகவே முடிவு செய்யும். ஒவ்வொரு தடவை திறக்கும்போதும் மாறும். நாம் மோட்டை மன்றத்தில் ஏற்றினோம். எங்கெங்கோ இருப்பவர்கள் இறக்கிக்கொண்டார்கள். துணியின் நிறத்தைப் பாராட்டி ஒருவர் எழுதியதை அச்செடுத்துக் கடையில் ஒட்டியிருந்தீர்கள்.

பிறகு ஒரு புதன்கிழமை என் டர்னை அனுப்பினேன். பதில் வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை, 'பயந்துட்டீங்களா பாய்?' என்று ஒரு வரி எழுதினேன். அதற்கும் பதில் இல்லை. அடுத்த வெள்ளிக்கிழமை போன் செய்தேன். உங்கள் மகள் எடுத்தாள்.

"அத்தா மவுத்தாயிட்டாங்க அக்கா. போன வெள்ளிக்கெழம காலைல. கட்டிங் மேசை மேலயே அப்படியே சாஞ்சுட்டாங்க."

நான் அந்த வரியை எழுதியபோது உங்களை அடக்கம் செய்து இரண்டு நாள் ஆகியிருந்தது. அதை அவளிடம் சொல்லவில்லை. உங்கள் வீட்டுக்கு வந்து கூடத்தில் சற்று நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுத் திரும்பினேன். அழுகை வரவில்லை. வரும் என்று சில நாள் எதிர்பார்த்தேன், அவ்வளவுதான்.

நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதி முடிந்த மறுவாரம் உங்கள் மனைவி கூப்பிட்டார். கறிக்கடைக்காரர் சொல்லித்தான் அவருக்குத் தெரியவந்ததாம். "அவங்க மொகம் அந்த வெளையாட்டுல இருக்குதாமா. ஒருக்கா பாக்கோணுமுங்க." மடிக்கணினியை எடுத்துக்கொண்டு போனேன். மதிய லுஹர் தொழுகை முடிந்த நேரம். அவர், உங்கள் மகள், நான் மூவரும் பாயில் உட்கார்ந்தோம். ஆற்றங்கரைச் சண்டையைத் திறந்து, கேமராவை ஆள் உயரத்துக்கு இறக்கி ஒவ்வொரு முகமாகத் தேடினேன். முதல் அணியில் நீங்கள் இல்லை. கறிக்கடைக்காரர் மூன்று இடத்தில் இருந்தார். மூன்றாவது அணியில், பாலத்துண்டின் ஒரு முனையைப் பிடித்தபடி நீங்கள் குந்தியிருந்தீர்கள். அந்தச் சண்டை முழுவதிலும் அன்றைக்கு நீங்கள் அந்த ஒரே ஆள்தான்.

உங்கள் மனைவி திரைக்கு வெகு அருகில் வந்து பார்த்தார். முகத்தைவிட அதிக நேரம் சட்டைக் காலரைப் பார்த்தார். பிறகு கேட்டார்.

"இதுல அவங்க செத்துப்போவாங்களா?"

"போகலாமுங்க அக்கா. போகாமயும் இருக்கலாம். நம்ம கைல இல்லீங்க."

"இதை எத்தனை பேரு வச்சிருக்காங்க?"

"நெறையப் பேருங்க. எங்கிட்டக் கணக்கு இல்ல."

மகள் தலை குனிந்துகொண்டாள். எங்கோ முன்பின் தெரியாத ஒருவர் வீட்டில், காப்பி ஆறும் நேரத்தில், அவள் அத்தா ஒவ்வொரு நாளும் விழுந்துகொண்டிருக்கலாம். நான் அதுவரை அப்படி நினைத்துப் பார்த்ததில்லை.

"எடுத்துடலாமுங்க அக்கா" என்றேன். "ஒரே ஒரு ஃபைல்தான். புதுசா ஏத்திட்டு, பழசை அழிக்கச் சொல்லி மன்றத்துல எழுதறேன். எல்லாரும் செய்வாங்கன்னு சொல்ல முடியாது. பாதிப் பேராச்சும் செய்வாங்க."

"எடுத்துடுங்க" என்றாள் மகள்.

உங்கள் மனைவி திரையில் உங்களைக் காட்டி, "இவங்களை எடுத்துட்டா அந்த எடத்துல யாரு வருவாங்க?" என்று கேட்டார்.

"மத்த பத்தொம்பது பேருல யாராச்சும் ஒருத்தருங்க. கறிக்கடைக்காரரு, இல்லீன்னா வேற யாராச்சும்."

"அவங்களுக்கும் ஊடு வாசல் இருக்குதல்ல? நம்ம ஆளை மட்டும் எடுத்துக்கிட்டு வந்துடறதாக்கும்? இருக்கட்டுமுங்க. அவங்களாப் போயி உக்காந்தாங்க. எடுக்க வேண்டாம்."

மகள் எழுந்து உள்ளே போய்விட்டாள். கொஞ்ச நேரத்தில் தண்ணீர்ச் சொம்போடு திரும்பி வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

கணினியை மூடலாம் என்று கையை வைத்தேன். "ஆடிக் காட்டுங்க" என்றார் உங்கள் மனைவி. வேண்டாம் என்று சொல்லத் துணிவில்லை. மற்ற அணிகளை முன்னால் அனுப்பிவிட்டு மூன்றாவது அணியைக் கல்சுவரின் பின்னால் நிறுத்தினேன். இரண்டு டர்ன் போயிற்று. அவர் கவனித்துவிட்டார்.

"எல்லாரும் போறாங்க. அவங்க மட்டும் ஏன் நிக்கறாங்க?"

"பத்திரமா இருக்கட்டுமுன்னுங்க."

"வேலை நேரத்துல அவங்க சும்மா நின்னு நான் பாத்ததே இல்லீங்க. அனுப்புங்க."

அனுப்பினேன். நம்மிடம் சேமித்த ஃபைல் இருந்தது. தவறாகப் போனால் திரும்பத் திறந்துகொள்ளலாம். திறக்க மாட்டேன் என்பதும் எனக்குத் தெரிந்திருந்தது. மூன்றாவது அணி பாலத்துண்டைத் தூக்கிக்கொண்டு நாணலுக்கு நடுவே இறங்கியது. பாதி வழியில் எதிர்க்கரையிலிருந்து சுட ஆரம்பித்தார்கள். எல்லோரும் தரையோடு படுத்தார்கள். யார் படுத்திருக்கிறார்கள், யார் விழுந்துவிட்டார்கள் என்று அந்த ஒரு நிமிடத்தில் சொல்ல முடியாது. உங்கள் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார். நான் அடுத்த டர்னைப் போட்டேன். நீங்கள் எழுந்தீர்கள். துண்டின் முனையைப் பிடித்துத் தண்ணீருக்குள் இறங்கினீர்கள். இரண்டு பேர் எழவில்லை. ஒருவர் சிங்காநல்லூர்க் காவலாளி. இன்னொரு முகத்தில் நான் கேமராவைத் தேவைக்கு அதிகமாக நிறுத்திவிட்டேன் போலிருக்கிறது.

"அது யாரு கண்ணு?"

"என் தம்பிங்க அக்கா."

அவர் என் கையைப் பிடித்தார். "உசுரோட இருக்கறானல்ல?"

"இருக்கறானுங்க. ஈரோட்டுல. நல்லா இருக்கறான்."

"மொதல்ல போன் பண்ணி ஒரு வார்த்தை பேசு."

எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனாலும் கூப்பிட்டேன். கடையில் கூட்டமாக இருந்திருக்க வேண்டும், பின்னால் ஒரே சத்தம். "ஏனக்கா, என்னாச்சு?" என்றான். "ஒண்ணுமில்லடா, சும்மாதான்" என்றேன். "சும்மா நீ எப்பக் கூப்பிட்டிருக்கறே?" என்றான். அவன் கேட்டது நியாயம். அன்றைக்குத்தான் எனக்கு அழுகை வந்தது, உங்கள் வீட்டுப் பாயில், அவன் போனில் இருக்கும்போதே. யாருக்காக என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

பாலம் போட்டு முடித்தீர்கள். அந்தச் சண்டையில் நாம் தோற்றோம். உங்கள் மனைவிக்கு அதில் அக்கறை இல்லை. டீ போட எழுந்து போனார்.

இப்போதும் ஆடுகிறேன். மன்றத்தில் ஒரு போலந்துக்காரர் எனக்கு எதிராளி. முதல் டர்னுக்கு நான் எடுத்துக்கொள்ளும் நேரத்தைப் பார்த்து, தூங்கிவிட்டாயா என்று எழுதுகிறார். அவருக்கு விளக்கம் சொல்வதில்லை. கேமராவைக் கீழே இறக்கி, முதல் ஆளிலிருந்து கடைசி ஆள் வரை முகம் பார்த்து முடிக்காமல் என்னால் ஒரு ஆணையும் கொடுக்க முடிவதில்லை. சில நாட்களில் நீங்கள் வருவதே இல்லை. சில நாட்களில் இரண்டு மூன்று இடத்தில் நிற்கிறீர்கள். முன்பைவிட அதிகம் தோற்கிறேன். ஆனால் என் பக்கம் விழுகிறவர்களின் எண்ணிக்கை குறைந்திருக்கிறது. உங்களை எந்தச் சுவருக்குப் பின்னாலும் நிறுத்திவைப்பதில்லை. அனுப்புகிறேன். அனுப்பிவிட்டு, அந்த ஒரு நிமிடம் முடியும்வரை கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.