ஈர் என்றால் விழித்திருப்பவன்

பிப். 3, செவ்வாய்

பனியோ பனி. மணிக்கூண்டு கண்ணில் பட்டபோது காலைப் பலகாரமே முடிந்துவிட்டது.

செய்ய வேண்டியவை: அறுப்புப் பண்டிகைக்கு வாழைமரம் சொல்ல. பெட்ரோமாக்ஸ் மேன்டில். முடி வெட்ட. ஞாயிறு பிரசங்கம்!!

தானியேல் நாலாம் அதிகாரம் எடுத்திருக்கிறேன். ராஜாவின் சொப்பனத்தில் வானத்திலிருந்து ஒரு காவலாளன் இறங்குகிறான். அராமிக் மூலத்தில் அந்தச் சொல் 'ஈர்'. அடிப்படைப் பொருள் விழித்திருப்பவன். தூங்காத தூதன், அவ்வளவுதான். சிறகு பற்றி ஒரு வார்த்தை கிடையாது. சபையார் அசந்துபோவார்கள் என்று எனக்குள் ஒரே பூரிப்பு.

கிரேஸிடம் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே, "சும்மா முழிச்சிருந்தா போதுமா? இறங்கி வந்து உரத்த சத்தம் போட்டாருன்னு அடுத்த வசனத்துலயே இருக்கே" என்றாள். செமினரியில் இதை ஒருத்தரும் சொல்லவில்லை. மனைவியிடமே படித்திருக்கலாம்.

பிப். 5, வியாழன்

நல்ல வெயில். முடி வெட்டியாயிற்று. காது தனியாகத் தெரிகிறது.

சபை நிலத்தில் அறுவடை முடிந்து களத்தில் நெல் அம்பாரமாகக் கிடக்கிறது. உழுது பயிரிட்டவர் ஆசீர்வாதம். அவருடைய அப்பா காலத்துக் குத்தகை. பொருளாளர் தேவராஜ் அம்பாரத்தின் மேல் சாணிப்பாலால் குறி போட்டிருக்கிறார். சனிக்கிழமை அளந்து பங்கு பிரிக்கும்வரை யாரும் தொடக்கூடாது. தொட்டால் குறி கலைந்து காட்டிக்கொடுத்துவிடும். காவலுக்கு மாரிமுத்து. மெட்ராஸில் வளர்ந்த எனக்கு எல்லாமே வேடிக்கை.

தே.ராஜுக்குக் கலக்கம். சுற்றிலும் செங்கொடி, கூலித் தகராறு. குத்தகைதாரர் பெயரைத் தாலுகா ஆபீசில் பதியச் சொல்லிச் சர்க்கார் உத்தரவு வேறு. ஆசீர்வாதம் அதற்குப் பொருளாளரின் ஒரு கையெழுத்துதான் கேட்கிறார். "பேர் ஏறிடுச்சுன்னா அப்புறம் நம்ம நிலம்னு சொல்லிக்க முடியாதுங்க ஐயா" என்கிறார் தே.ராஜ்.

வாழைமரம் சொல்ல மறந்துவிட்டேன்.

பிப். 6, வெள்ளி

ஊரே களத்தில். குறி கலைந்திருக்கிறது.

"ஆசீர்வாதம் வேலைதான். நாளைக்கே கமிட்டியில நிலத்தைப் பிடுங்குறோம்." தே.ராஜ் போட்ட சத்தத்தில் மாடு மிரண்டது. ஆசீர்வாதம், "நான் தொடலைங்க" என்று ஒரே ஒரு தடவை சொன்னார். மாரிமுத்து தலையைக் குனிந்து, "தூங்கிட்டேங்க" என்றார். ஆளாளுக்குத் திட்டு. காவல்கூலி நெல்லும் கிடையாதாம்.

மத்தியானம் அதே மாரிமுத்து நம் வீட்டுப் பின்வாசலில். "தூங்கலைங்க ஐயா. விடியற நேரம், பொருளாளர் வீட்டு ரூபியம்மா வந்தாங்க. ஒரு பொட்டி நெல்லு அள்ளிக்கிட்டுப் போனாங்க. அந்த வீட்டுச் சோறு தின்னவன். அம்மா பேரை என் வாயால எப்படிங்க சொல்றது?"

சாப்பாட்டைப் பாதியில் விட்டு ஓடினேன். (கருவாட்டுக் குழம்பு. மனசே இல்லை.) ரூபியம்மா சிரித்த முகத்தோடு பனையோலைப் பெட்டியைக் காட்டினார். "பண்டிகைக்குப் பீடத்துல வைக்க முதற்பலன் ஐயா. வருஷா வருஷம் எங்க வயல்லேர்ந்து வைப்பேன். இந்த வருஷம் எங்களது இன்னும் அறுக்கலை. சபை நெல்லுதானே, கர்த்தருக்குத்தானே போகுதுன்னு எடுத்தேன்."

களத்தில் நடந்ததைச் சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது. "ஊரைக் கூட்டிக் கத்திட்டாரே, இனிமே எப்படிச் சொல்லுவேன்?" கமிட்டி கூடுமுன் நீங்களே அவரிடம் சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் நான் சொல்லும்படி ஆகும் என்றேன். தலையாட்டினார். சுக்குக் காபி கொடுத்தார். அந்தப் பயத்திலும் நன்றாகத்தான் இருந்தது.

எனக்கும் பயம்தான். முதல் சபை இது. தே.ராஜ் மேலிடத்துக்கு நாலு வரி எழுதிப் போட்டால் மூட்டை கட்ட வேண்டியதுதான். நான் வாயை மூடிக்கொண்டால் ஆசீர்வாதத்துக்கு நிலம் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆனாலும் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். வெட்கமாக இருக்கிறது.

பிப். 7, சனி

ரூபியம்மா சொல்லவில்லை. தே.ராஜ் தீர்மானத்தைக் கணீரென்று வாசித்ததிலேயே தெரிந்தது. ஆசீர்வாதம் வாசற்படிக்கு வெளியே.

"ஆட்சேபனை உண்டா?"

எழுந்தேன். உரத்த சத்தமாக வரவேண்டியது கீச்சென்று வந்தது. "நெல்லை எடுத்தது உங்க வீட்டம்மா. முதற்பலனுக்கு. மாரிமுத்து தூங்கலை, பார்த்துட்டார். சொல்லத்தான் பயம்."

தே.ராஜ் என்னைப் பார்த்தார். உத்தரத்தைப் பார்த்தார்.

"எவ்வளவு எடுத்தா?"

"ஒரு பெட்டி."

"போன வருஷம் எங்க நெல்லுன்னா அரைப் பொட்டிதானேய்யா வச்சா!"

அவரே முதலில் சிரித்துவிட்டார். அப்புறம் கமிட்டி மொத்தமும். எனக்குச் சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர்; பாதி பயம் தெளிந்த தண்ணீர். மாரிமுத்துவுக்கு முழுக்கூலி என்று தே.ராஜ் அங்கேயே சொன்னார்.

பிறகு வெளியே போய், "தப்பாப் பேசிட்டேன்ப்பா" என்றார். ஆசீர்வாதம் சிரிக்கவில்லை. "சரிங்க. இனிமே ஒருத்தர் வாய்ச்சொல்லுல என் நிலம் போகக்கூடாதுங்க" என்று சட்டைக்குள்ளிருந்து தாலுகா ஆபீஸ் காகிதத்தை எடுத்து நீட்டினார்.

சிரிப்பு நின்றது. தே.ராஜ் ஒருமுறை படித்தார். மறுபடியும் முதலிலிருந்து படித்தார். என் பக்கம் திரும்பாமலே கையை நீட்டினார். பேனாவைக் கொடுத்தேன். போட்டுவிட்டார்!

போட்ட கையோடு பேனாவைத் தன் பையில் செருகிக்கொண்டு நடையைக் கட்டினார். கேட்க எனக்கு வாய் வரவில்லை. பிரசங்கம் இன்னும் ஒரு வரிகூட எழுதவில்லை. இது கிரேஸின் பென்சில்.