முன்சக்கரம்

மான்மவுத் ஜங்ஷன், அமெரிக்கா
16.6.1998

அன்புள்ள அம்மாவுக்கு வணக்கம். ஆபரேஷன் செய்த கண்ணில் நீர் வடிவது நின்றதா? நான் நலம்.

ஞாயிறன்று நண்பர் ரஹீம் கார் பந்தயத்துக்கு அழைத்துப் போனார். கிளம்பிய வேகத்தில் ஒரு காரின் முன்சக்கரங்கள் இடுப்புயரம் எழும்பின. எல்லோரும் எழுந்து ஆரவாரம் செய்தார்கள். நானும் எழுந்தேன். வாயில் வந்ததோ, “இறக்குடா சபரி, இறக்கு.” தம்பி பைபாஸில் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டும்போதெல்லாம் நான் கத்துவது. அவன் விழுந்து நம்மைவிட்டுப் போன அன்றும் கத்தினேன்.

“டிரைவர் நம்மூர்க்காரனா?” என்று ரஹீம் கிண்டல் செய்தார். நானும் சிரித்துவைத்தேன். கார் பத்திரமாக இறங்கியது.

பருப்புப்பொடி அனுப்புங்கள். சபரியின் பைக்கை மாமா மகன் கேட்பதாக எழுதியிருந்தீர்கள். கொடுக்க வேண்டாம், விற்கவும் வேண்டாம். முன்சக்கரத்தை மட்டும் கழற்றி வைக்கச் சொல்லுங்கள்.

ரஹீம் வாசலில் ஹார்ன் அடிக்கிறார்.

உங்கள்
மாரிசாமி