வெற்றிக்கு ஒரு ஸ்தோத்திரப் பிரசங்கம்

லண்டன், 1645, அக்டோபர்

அன்பு மகள் தாமசினுக்கு,

கர்த்தர் கிருபையால் இங்கே நாங்கள் நலம், அப்பாவின் இருமலும் நலம். கடலுக்கு அப்பால் பாஸ்டனில் நீயும் மருமகனும் குழந்தைகளும் சுகமாயிருக்க வேண்டுகிறேன்.

உன் தம்பி ஜைல்ஸ் உயிரோடு இருக்கிறான். அரசர் பக்கம் சண்டை போட்டவன் கோடையில் பார்லிமென்ட் படையிடம் தோற்றுப் பிடிபட்டான். அவனை அடைத்த சிறையில் காய்ச்சல் தினம் யாரையாவது கொண்டுபோய்க்கொண்டிருந்தது. அவனைப் பிடித்த அதே வெற்றிக்காகக் கர்த்தருக்கு நன்றி சொல்லிப் பிரசங்கம் செய்ய பார்லிமென்ட் அழைத்தது யாரை? உன் அப்பாவை. மறுத்தால் போதகர் வேலை போய்விடும். கவலைப்படாதே, கடைசியில கைதிகளுக்கு இரக்கம் கேக்குறேன் என்றார். முதல்லயே கேளுங்க, உங்க பிரசங்கத்துக்குக் கடைசி எப்ப வரும்னு கர்த்தருக்கே தெரியாது என்றேன். கேட்டால்தானே.

அன்று ஆலயத்தின் மேல்மாடத்தில் உட்கார்ந்திருந்தேன். பீரங்கிக்கு நன்றி, மூடுபனிக்கு நன்றி, நனையாத வெடிமருந்துக்கு நன்றி. கீழே பார்லிமென்ட் அங்கத்தினர்கள் ம்ம் ம்ம் என்று முனகி ஆமோதித்தார்கள். அப்பா இன்னொரு மணி நேரத்துக்கு மணற்கடிகாரத்தைத் திருப்பி வைத்தார். முனகல் குறட்டையானது. பிடிபட்டவர்களை வீட்டுக்கு அனுப்புவதே கர்த்தருக்குச் செலுத்தும் மெய்யான நன்றி என்று அவர் குரல் உடைந்து சொன்னபோது கேட்டது நானும் தூண்களும்தான். விழித்தவர்கள் நேரே விருந்துக்கு ஓடினார்கள்.

மறுநாள் பார்லிமென்ட் வழக்கப்படி ஒருமனதாக நன்றி தெரிவித்து, பிரசங்கத்தை அச்சிடவும் உத்தரவிட்டது. மை காய்வதற்குள் அதை எடுத்துக்கொண்டு கைதிகளைக் கவனிக்கும் கமிட்டிக்குப் போனேன். அங்கே ஒரு பெருத்த அங்கத்தினர் அதை வாசித்து, இதையா சொன்னாரு, நான் முன்வரிசையிலதானே இருந்தேன் என்றார். இருந்தீங்க ஐயா, உங்க குறட்டை மாடி வரைக்கும் வந்துச்சு, கேக்காமலே நன்றி சொன்னீங்கன்னு ஊருக்குச் சொல்லட்டுமா என்றேன். முகம் சிவந்துவிட்டது. வாயை மூடும்மா தாயே என்று ஜைல்ஸின் விடுதலைச் சீட்டில் கையெழுத்துப் போட்டார். ஒரு நிபந்தனை, அவன் இந்த நாட்டில் இருக்கக் கூடாது.

வாசலில் நின்று சிரித்தேன். தெருமுனைக்கு வந்தபிறகுதான் உறைத்தது. உன்னைக் கொண்டுபோன கடலுக்கே அவனையும் அனுப்ப நானே வாதாடிக் கையெழுத்து வாங்கியிருக்கிறேன்.

அடுத்த கப்பலில் உன்னிடம் வருகிறான். அரசர் ஆட்களைப் போல நீளமாக வளர்த்திருக்கும் தலைமுடியை வெட்டிவிடு. அங்கே ஆலயத்துக்கு வராதவனைத் தண்டிப்பார்களாம், கையைப் பிடித்து இழுத்துப் போ. அரசரைப் பற்றிப் பேச்செடுக்காதே. அப்பா அவன் படுக்கையை இன்னும் மடிக்கவிடவில்லை.

கர்த்தர் உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் காக்கட்டும். அவன் எழுத மாட்டான், நீ எழுது. என்ன சாப்பிட்டான் என்று மட்டுமாவது எழுது.

இப்படிக்கு,
உன் அம்மா அர்சுலா