பத்தாவது கையெழுத்து

ஆகஸ்ட் 16, சனி

தொற்றுநோய் மருத்துவர்களுக்கென்று ஒரு சங்கம் வேண்டும் என்று பல வருடங்களுக்கு முன் நான் சொன்னபோது, "இருக்கறதே நாலு பேரு, அதுக்கு ஒரு சங்கமா?" என்று சிரித்தவன் சக மருத்துவன் ராஜன். இன்று ஃபேரர் பார்க் தோசைக்கடையில் அதே சங்கத்தின் பதிவுப் படிவத்தை என் முன்னால் வைத்தான். தலைவர் என்ற இடத்தில் அவன் பெயர். பதிவுக்குப் பத்துப் பேர் வேண்டும். ஒன்பது பேர் கையெழுத்துப் போட்டிருந்தார்கள்.

"பத்தாவதா நீ போடு. திங்கக்கிழம அனுப்பணும்."

"கமிட்டியில என் பேரக் காணோமே?"

"மீட்டிங்னாலே நீ சண்டைக்கு நிப்ப. மெம்பரா இரு லா, போதும்."

கையெழுத்துக் கேட்கத்தான் கூப்பிடுகிறான் என்று தெரிந்து, மறுத்துவிடத்தான் போயிருந்தேன். ஆனாலும் விதிகளைப் படித்தேன். உறுப்பினராக மருத்துவர்கள் மட்டும்தானாம். வார்டில் தொற்று பரவுவதை எங்களுக்கு முன்பே கண்டுபிடிக்கும் தாதியரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. கோபத்தில் பேனாவை எடுத்து, தாதியரும் உறுப்பினராகலாம் என்று ஒரு வரி சேர்த்தேன்.

ராஜன் படித்துப் பார்த்தான். "இது எங்க யாருக்கும் தோணல."

அதற்குப் பிறகு கையெழுத்துப் போடாமல் எழுந்து வர முடியவில்லை. என் வரி அதில் இருக்கிறதே.

அவனுக்கு வாழ்த்துச் சொல்லவில்லை. களைப்பாக இருக்கிறது. அந்த வாழ்த்தையாவது கொடுக்காமல் வந்தேன்.